வெக்டர் வடிவத்தை இழுத்தாலும் சாய்த்தாலும் உள்ளே ஓடுவது ஆறு எண்கள்

வெக்டர் படங்கள் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் 100 பிக்சல் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, 45 டிகிரி திருப்பி, அகலத்தை மட்டும் 200 சதவீதமாக்கிப் பாருங்கள். 200-க்கு 100 அளவில் செவ்வகம் வரும் என்றுதான் தோன்றும். வருவதோ சாய்சதுரம்: பக்கம் 158 பிக்சல், ஒரு மூலையில் 53 டிகிரி, அடுத்த மூலையில் 127 டிகிரி. அதே சதுரத்தை முதலில் அகலப்படுத்திவிட்டு அப்புறம் திருப்பினால் மூலைகள் சிதையாமல் செவ்வகம் கிடைக்கும். பரப்பளவு இரண்டுக்கும் ஒன்றேதான், 20,000 சதுர பிக்சல். செய்த வேலையும் அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

புதிதாகப் பழகுபவர்கள் இதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்து, மவுஸை மெல்ல இழுத்தால் சரியாகுமா என்று பார்ப்பார்கள். ஆகாது. உள்ளே ஓடும் கணக்கு தெரிந்தால் இதுவும், கோடு தடித்துப்போவது, எழுத்து கோணலாவது போன்ற மற்றத் தொல்லைகளும் ஏன் வருகின்றன என்று புரியும்.

கணக்கு

வெக்டர் கோப்பில் இருப்பவை புள்ளிகளின் எக்ஸ், ஒய் இடங்களும், அவற்றை எப்படி இணைக்க வேண்டும் என்ற குறிப்பும்தான். ஒரு பொருளை நகர்த்தினாலும், பெரிதாக்கினாலும், சாய்த்தாலும், திருப்பினாலும், புரட்டினாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நடப்பது ஒரே கணக்கு:

புதிய எக்ஸ் = ஏ × எக்ஸ் + சி × ஒய் + இ
புதிய ஒய் = பி × எக்ஸ் + டி × ஒய் + எஃப்

இங்க்ஸ்கேப் தன் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்விஜி வடிவம் 2001-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது. அதில் இந்த ஆறு எண்களும் இதே வரிசையில், 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரில் எழுதப்படுகின்றன. 'ஏ' அகலத்தைப் பெருக்கும், 'டி' உயரத்தைப் பெருக்கும். 'இ', 'எஃப்' இரண்டும் இடத்தை மட்டும் நகர்த்தும். 'ஏ' −1 ஆனால் படம் இடவலமாகப் புரளும். சாய்வு என்பது 'சி'-யும் 'பி'-யும். கிடைவாக்கில் 30 டிகிரி சாய்த்தால் 'சி' 0.577, அதாவது 30 டிகிரியின் டேன் மதிப்பு. 45 டிகிரியில் அது 1. 80 டிகிரியில் 5.67 ஆகிவிடும், 90-இல் எல்லையே இல்லாமல் போகும். சாய்க்கும் கைப்பிடியை ரொம்ப தூரம் இழுத்தால் வடிவம் கோடு மாதிரி நீண்டு பக்கத்தைத் தாண்டி ஓடுவது இதனால்தான். திருப்பும்போது நான்கு எண்களும் ஒன்றாக மாறும்: 30 டிகிரிக்கு 0.866, 0.5, −0.5, 0.866.

பரப்பளவு எவ்வளவு மாறும் என்பதையும் இதிலேயே பார்க்கலாம். 'ஏ'-யை 'டி'-யால் பெருக்கி, அதிலிருந்து 'பி' × 'சி'-யைக் கழித்தால் வருவதுதான் பரப்பு பெருகும் மடங்கு. சாய்க்கும்போது அது எப்போதும் 1. எவ்வளவு சாய்த்தாலும் உள்ளே நிரப்பிய நிறத்தின் பரப்பு கூடாது, குறையாது.

வளைகோட்டுக்கும் இதே கணக்கு செல்லுபடியாவதுதான் அழகு. இந்த மென்பொருள்களில் வளைவு என்பது பெசியே வளைகோடு. பிரான்சின் கார் நிறுவனங்களில் பிறந்தது: 1959-இல் சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ, 1960-களில் ரெனோவில் பியேர் பெசியே. இரு முனைகளிலும் உள்ள இரண்டு நோட், வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடி, ஆக நான்கு புள்ளிகள். வளைவின் மேல் உள்ள எந்த இடமும் இந்த நான்கின் எடையிட்ட சராசரிதான். வளைவின் நடுவே எடைகள் 1/8, 3/8, 3/8, 1/8. கூட்டினால் சரியாக 1. கூட்டுத்தொகை 1 ஆக இருப்பதால், நான்கு புள்ளிகளையும் மேலே சொன்ன கணக்கில் மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தாலும், சராசரி எடுத்துவிட்டு அதை மாற்றினாலும் விடை ஒன்றே. ஆகவே மென்பொருள் வளைவில் உள்ள ஆயிரம் இடங்களைத் தேடிப் போக வேண்டாம், நான்கு புள்ளிகளை மாற்றினால் போதும். பத்து மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறடிக்காததற்குக் காரணம் இதுதான்.

கைப்பிடிகள்

தேர்வுக் கருவியில், அதாவது எஃப்1-இல், பொருளை ஒருமுறை கிளிக் செய்தால் அளவு மாற்றும் அம்புக்குறிகள் வரும். இன்னொரு முறை கிளிக் செய்தால் அவை மாறி, மூலையில் இருப்பவை திருப்பவும் பக்கத்தில் இருப்பவை சாய்க்கவும் பயன்படும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மூலையை இழுத்தால் அகல உயர விகிதம் மாறாது. திருப்பும்போதும் சாய்க்கும்போதும் அதே கன்ட்ரோல் 15 டிகிரி படிகளில் நிறுத்தும். ஷிஃப்டை அழுத்தினால் அளவு மாற்றம் எதிர்மூலையை விட்டுவிட்டு மையத்தைச் சுற்றி நடக்கும். மையம் என்பது திருப்பும் நிலையில் தெரியும் சிறு கூட்டல் குறி. அதை இழுத்து எங்கே வைத்தாலும் வடிவம் அதைச் சுற்றித் திரும்பும். பழைய இடத்துக்கே கொண்டுவர அதன்மேல் ஷிஃப்ட்டோடு கிளிக் செய்தால் போதும்.

கையால் இழுப்பது கண்ணளவுக்குத்தான். எண் முக்கியமென்றால் ஷிஃப்ட், கன்ட்ரோல், எம் மூன்றையும் அழுத்தி டிரான்ஸ்ஃபார்ம் பலகையைத் திறந்து அங்கே அளவைக் கொடுங்கள். பல பொருள்களைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டிக் இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாகத் திரும்பும், இருந்தால் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே திரும்பும்.

தொடக்கத்தில் சொன்ன சதுரத்துக்கு வருவோம். இங்க்ஸ்கேப்பில் பொருளைச் சுற்றி வரும் பெட்டி எப்போதும் தாளின் அச்சுக்கு இணையாகத்தான் நிற்கும். 45 டிகிரி திரும்பிய சதுரத்துக்கு அது 141 பிக்சல் அகலமுள்ள பெட்டி. அகலத்தை இழுத்தால் தாளின் கிடைவாக்கில்தான் நீளும், சதுரத்தின் பக்கவாட்டில் நீளாது. அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் பெட்டி பொருளோடு சேர்ந்து திரும்புவதால், அங்கிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். வழி எளிது. செவ்வகமென்றால் செவ்வகக் கருவியை எடுத்து அதன் சொந்தக் கைப்பிடிகளை இழுங்கள், அவை பொருளின் அச்சிலேயே வேலை செய்யும். வேறு வடிவமென்றால் நேராகத் திருப்பி, அளவை மாற்றி, மறுபடி பழைய கோணத்துக்கே திருப்ப வேண்டும்.

கோட்டின் தடிமன்

அதிகம் பேரைக் குழப்புவது விளிம்புக் கோடு. 100-க்கு 60 பிக்சல் செவ்வகம், 4 பிக்சல் கோடு. கோட்டில் பாதி விளிம்புக்கு வெளியே நிற்பதால் கண்ணுக்குத் தெரியும் அளவு 104-க்கு 64. இதைப் பாதியாக்கினால் 52-க்கு 32. 'கோட்டையும் சேர்த்து மாற்று' என்ற பொத்தான் அமுங்கியிருந்தால் கோடு 2 பிக்சலாகி, உள்ளே 50-க்கு 30 இருக்கும், எல்லாம் சரி. அமுங்காமல் இருந்தால் கோடு 4 பிக்சலாகவே நிற்கும், வெளி அளவோ 52-க்கு 32 ஆகியே தீரும். உள்ளே 48-க்கு 28. விகிதம் 1.67-லிருந்து 1.71 ஆகிவிட்டது! பூட்டுப் படத்தை அழுத்தி விகிதத்தைப் பூட்டி வைத்திருந்தும் இப்படி ஆகும். லேசர் வெட்டும் எந்திரத்துக்கோ ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கோ கோப்பு தயாரிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பொருந்தாத பாகமாக வந்து நிற்கும். அவர்கள் விருப்பங்களில் கருவிகள் பகுதிக்குப் போய், கண்ணுக்குத் தெரியும் பெட்டியை விட்டுவிட்டு ஜியோமெட்ரிக் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்போது கோடு கணக்கிலேயே வராது.

அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் கோடு எத்தனை மடங்காக வேண்டும்? நேர்க்குத்தான பக்கங்களில் இரண்டு மடங்கு, கிடையான பக்கங்களில் மாற்றமில்லை என்று வைக்கலாம், ஆனால் ஒரு கோட்டுக்கு ஒரே தடிமனைத்தான் எழுத முடியும். இங்க்ஸ்கேப் பரப்பு பெருகிய மடங்கின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்கிறது: 1.414 மடங்கு. இது சாதாரணப் பாதைகளுக்கு, அதாவது நோட்களை இணைத்து வரைந்த வடிவங்களுக்கு. க்ளோன் (மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகல்), க்ளிப் போட்ட (வேறொரு வடிவத்துக்கு வெளியே உள்ள பகுதி மறைக்கப்பட்ட) பொருள் போன்றவற்றில் மாற்றம் புள்ளிகளுக்குள் கரையாமல் தனி வரியாகவே கோப்பில் நிற்கும். அங்கே கோடும் சேர்ந்தே நீட்டப்படும், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். சந்தேகமிருந்தால், கோப்பின் உள்வரிகளைக் காட்டும் எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்து அந்தப் பொருளுக்கு 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 2017 ஜனவரியில் வந்த 0.92 பதிப்பு வரை இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று வைத்திருந்தது, அந்தப் பதிப்பிலிருந்து 96. பழைய கோப்பைத் திறக்கும்போது வரும் கேள்வியைக் கவனிக்காமல் தள்ளிவிட்டால் 100 மி.மீ. பாகம் 93.75 மி.மீ. ஆகிவிடக்கூடும்.

எழுத்தைச் சாய்த்தால்

'ட' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குத்துக்கோடு, ஒரு கிடைக்கோடு, இரண்டும் 20 அலகு தடிமன். பெயர் ஒரே வரியில் அடங்கவில்லையே என்று அகலத்தை 70 சதவீதமாக நெருக்கினால் குத்துக்கோடு 14 ஆகும், கிடைக்கோடு 20-ஆகவே இருக்கும். பேனர்களில் எழுத்து நசுங்கித் தெரிவதற்கு இந்த 14-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளிதான் காரணம். எழுத்தின் அளவைக் குறைப்பதோ, ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுவதோ மேல்.

சாய்வில் சிக்கல் வேறு மாதிரி. 30 டிகிரி சாய்த்தால் கிடைக்கோடு 20-ஆகவே இருக்க, குத்துக்கோட்டின் உண்மையான தடிமன் கொசைன் கணக்கில் 17.3-ஆகக் குறையும். 'ழ', 'ஞ' போன்றவற்றின் வட்டமான சுழிகளில்தான் பாதிப்பு பளிச்சென்று தெரியும். சீரான 20 அலகுச் சுழி ஒரு மூலைவாட்டில் 26.6 ஆகத் தடித்து, மறு மூலைவாட்டில் 15 ஆக மெலியும். 12 டிகிரியில் குத்துக்கோடு 19.6, வித்தியாசம் கண்ணில் படாது. பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு எழுத்து தனியாக வரையப்படாததால் மென்பொருளே இப்படிச் சாய்த்துத் தருகிறது. அதிகம் சாய்க்கத்தான் வேண்டுமென்றால் எழுத்தைப் பாதையாக மாற்றி, நோட் கருவியில் சுழிகளின் தடிமனைக் கையால் திருத்த வேண்டும். மாற்றியபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது, அதனால் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

மூன்று சதுரத்தில் ஓர் அட்டைப்பெட்டி

சாய்வை உருப்படியாகப் பயன்படுத்தும் இடம் ஐசோமெட்ரிக் படம், அதாவது ஒரு பொருளின் மூன்று முகங்களையும், தூரத்தால் எதுவும் சிறுக்காமல் ஒரே அளவில் காட்டும் படம். கோடு இல்லாத, நிறம் மட்டும் நிரப்பிய 100 மி.மீ. சதுரங்கள் மூன்று போதும். பக்கவாட்டு முகத்துக்கு டிரான்ஸ்ஃபார்ம் பலகையில் விகிதப் பூட்டை எடுத்துவிட்டு அகலத்தை 86.602 சதவீதமாக்குங்கள். பிறகு சாய்வுப் பகுதியில் அலகை டிகிரிக்கு மாற்றி, செங்குத்துச் சாய்வு 30. மறு பக்க முகத்துக்கு அதே அகலம், சாய்வு −30. இரண்டும் எதிர்ப்புறமாக வந்துவிட்டால் இடம் மாற்றி வைத்தால் சரி. மேல் முகத்தை முதலில் 45 டிகிரி திருப்பி, அதன்பிறகே அகலம் 122.474, உயரம் 70.711 சதவீதம் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் தொல்லை தந்த அதே வரிசைதான் இங்கே வேலைக்கு ஆகிறது. முனைகளில் ஒட்டும் வசதியை இயக்கி மூன்றையும் சேர்த்தால் இடைவெளி இல்லாமல் பொருந்தும், எல்லா விளிம்பும் 100 மி.மீ. முகத்தில் வட்டம் இருந்தால் அது நீள்வட்டமாகும். எந்த முகமானாலும் நெட்டச்சு, குற்றச்சு விகிதம் 1.732-தான்.

இதையே மேட்ரிக்ஸ் பகுதியில் நேராகவும் கொடுக்கலாம்: 0.866, 0.5, 0, 1, 0, 0. ஆனால் கணக்கு தாளின் மூலையிலிருந்து நடப்பதால் பொருள் தள்ளிப்போய் விழும், திரும்ப இழுத்துவர வேண்டும்.

ஆறு எண்களுக்கு எட்டாதது

இந்தப் பெட்டியில் எதிரெதிர் விளிம்புகள் இணையாகவே நிற்கின்றன. மேலே உள்ள சமன்பாடு இணைகோடுகளை ஒருபோதும் சந்திக்க விடாது. தூரத்தில் குறுகிச் செல்லும் சாலையோ, பக்கவாட்டில் பார்க்கும் பெயர்ப்பலகையோ வேண்டுமென்றால் வகுத்தலும் சேர்ந்த வேறு கணக்கு தேவை. அங்கே பெசியே வளைவின் சராசரி விதி உடைந்துவிடுகிறது. நீட்சிகள் மெனுவில் பாதையை மாற்றும் பகுதியில் உள்ள பெர்ஸ்பெக்டிவ், நோட்களையும் கைப்பிடிகளையும் மட்டும் புதிய இடத்துக்கு நகர்த்துகிறது. அதனால் நீண்ட வளைவுகள் சற்று விலகிப்போகும். எல்லா நோட்களையும் தேர்ந்தெடுத்து இன்சர்ட் விசையை ஓரிரு முறை தட்டினால் இடையிடையே நோட்கள் சேரும், விலகலும் குறையும். எழுத்தை முதலில் பாதையாக்கியிருக்க வேண்டும். மாற்ற வேண்டிய வடிவத்தை முதலிலும், நான்கே நோட் உள்ள சட்டத்தை இரண்டாவதாகவும் தேர்ந்தெடுங்கள். படம் தலைகீழாகவோ திரும்பியோ வந்தால் சட்டத்தின் நான்கு மூலைகளை நீங்கள் வரைந்த வரிசை மாறியிருக்கிறது, வேறு மூலையிலிருந்து தொடங்கி மறுபடி வரையுங்கள்.