புகைச் சான்றிதழும் 'பவர் பில்ரரும்': வரிப்பத்திரம் எடுக்கப் போகமுன்

இலங்கையில் வாகன வரிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. புகைப் பரிசோதனை 2008 இல் வந்தது. மின்சார வாகனத்துக்கு அது இல்லை. பிந்தினால் தண்டம். சட்டம் இவ்வளவுதான், சனம் அலைவது வேறு காரணங்களால்.

முதல் காரணம் பொனற்றுக்குள் இருக்கிறது. "இதைப் பூட்டினால் இழுவை கூடும், பெற்றோல் மிச்சம், புகையும் பாஸ்" என்று சொல்லி, 'பவர் பில்ரர்' என்ற திறந்த கூம்புக் காற்றுப் பில்ரரையும், காற்றுக் குழாய்க்குள் செருகும் சுழல் விசிறியையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்றுமே நடக்காது.

கம்பனி பூட்டிய பில்ரர் பெட்டி, பெரும்பாலான கார்களில் முன்பக்கத்து வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த பில்ரர் பூட்டினால் எஞ்சின் தன் சூட்டுக் காற்றையே குடிக்கும். காற்று 3 பாகை சூடேற, அதன் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று குறையும். சித்திரை வெயிலில், யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதி நெரிசலில் நிற்கும்போது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அதோடு, ஊருக்குள் ஓடும்போது காற்றை மறிப்பது பில்ரர் அல்ல, அக்சிலேற்றரோடு திறந்து மூடும் துரொட்டில், அதுவும் பாதி திறந்தபடி. கூடினது சத்தம், அதைத்தான் பலர் இழுவை என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009 இல் அளந்து பார்த்தது. கணினி அளந்து பெற்றோல் பீச்சும் இன்ஜெக்ஷன் கார்களில் பில்ரர் அடைபட்டிருந்தால்கூட எரிபொருள் கூடுதலாகப் போகவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைப்பே பெற்றோலைத் தின்னாதபோது, புதுப் பில்ரர் எதை மிச்சம் பிடிக்கும்? பழைய ஒஸ்ரின், மொறிஸ் போன்ற காபரேற்றர் கார்களில் கதை வேறு: அடைபட்டால் பெற்றோல் கூடப் போகும். அதற்கு மருந்து பில்ரரைத் துப்புரவாக்குவது, அல்லது மாற்றுவது.

இனிப் பரிசோதனை. பெற்றோல் காரை ஐடிலிலும், பின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுற்றிலும் விட்டு, காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளப்பார்கள். பில்ரர் மாற்றிய கார்கள் அகப்படுவது இந்த இடங்களில்:

எண்ணெய் பூசிய துணிப் பில்ரரில் எண்ணெய் கூடினால், அது காற்றளவு சென்சரின் கம்பியில் படிந்து அளவு பிழைக்கும். பழைய பெட்டியில் இருந்த காற்று வெப்பச் சென்சரைக் கழற்றித் தொங்கவிடுவார்கள். கணினி பிழையான சூட்டை வாசிக்கும். எஞ்சினின் மேல்மூடியிலிருந்து (தப்பற் மூடி) வரும் மூச்சுக் குழாயைப் பழையபடி பூட்டாமல் விடுவார்கள். கிளிப் இறுகாவிட்டால், சென்சருக்குப் பின்னால் அளக்காத காற்று உள்ளே போகும். ஐடில் ஏறி இறங்கும், மிஸ் அடிக்கும், ஐதரோகாபன் எகிறும்.

டீசல் வான்களுக்கு அக்சிலேற்றரை ஒரேயடியாக மிதித்துக் கரும்புகையை அளப்பார்கள். டொல்பினுக்கும் ஹையேசுக்கும் அந்தச் சுழல் விசிறி பூட்டுவதென்றால், காற்றை மறித்துப் புகையைக் கூட்டுவதற்குக் காசு கொடுப்பதுதான். புதுக் கடதாசிப் பில்ரர் போடுங்கள், போதும். செம்மண் ஒழுங்கைகளில் ஓடுகிற வான் என்றால் சேர்விஸ் திகதியைப் பார்த்திருக்காமல் முந்தியே மாற்றுங்கள்.

ஏற்கெனவே பூட்டியவர்கள் பழைய பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள். அந்த வேலைக்குப் பற்றரியைக் கழற்றியிருந்தால் உடனே பரிசோதனைக்கு ஓடாதீர்கள். கணினி பழையபடி சரிசெய்துகொள்ள ஓரிரு நாள் ஓட்டுங்கள். போகிற அன்று இருபது நிமிடமாவது ஓடி, எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குளிர்ந்த எஞ்சின் நல்ல காரையும் விழுத்தும். ஹைபிரிட் என்றால் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். எஞ்சின் அணையாமல் ஓடும் பராமரிப்பு நிலையில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பெயில் என்றால் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எண்கள் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். காபன் மொனொக்சைட் கூடினால் எரிபொருள் அதிகம் போகிறது. ஐதரோகாபன் கூடினால் பிளக், கொயில், காற்றுக் கசிவு. இதைக் காட்டாமல் கராஜுக்குப் போனால் தேவையில்லாத சாமானுக்கும் காசு கட்டுவீர்கள்.

பாஸ் என்றாலும் அலைச்சல் முடிந்துவிடாது. சான்றிதழ் கையில் வந்தவுடன் அந்த இடத்திலேயே வாகன இலக்கம், எரிபொருள் வகை, திகதி மூன்றையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்துப் பிழை பிரதேச செயலகக் கருமபீடத்தில்தான் வெளிவரும். அங்கே அதைத் திருத்த மாட்டார்கள், திரும்பப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவார்கள்.

அடுத்தது கணினி. "காப்புறுதி இன்னும் எங்கட சிஸ்டத்தில விழேல்லை, நாளைக்கு வாங்கோ" என்பார்கள். காப்புறுதிக்காரர் "நாங்கள் அப்பவே ஏத்திட்டம்" என்பார். இரண்டு பேரும் தங்கள் மேசையில் சரிதான், பெற்றோல் உங்களுடையது. புறப்படமுன் வீட்டிலிருந்தே இணைய வழி வரிப்பத்திரத் தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் ஏறியிருந்தால் அங்கேயே கட்டலாம். காப்புறுதி ஏறாவிட்டால் காப்புறுதிக் கிளைக்கு நேரே போய், அவர்கள் ஏற்றி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

இதெல்லாம் கடைசிக் கிழமையில் நடக்காது. முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முந்தி முதலில் பில்ரர், பிறகு புகை, பிறகு காப்புறுதி, கடைசியாகக் கருமபீடம். போகும்போது பழைய வரிப்பத்திரத்தையும் கொண்டு போங்கள்; அதை விட்டுவிட்டுப் போனால் அதற்கும் ஒரு "நாளைக்கு வாங்கோ" இருக்கிறது.