வேகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே மேடு

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் கிளெம்டால் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் நடுவில் உள்ள சால்பாக் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஷாட்பெர்க் மலையில் கேபிள் கார் போய் நிற்கும் இடம் 2,020 மீட்டர். உலக பனிச்சறுக்குப் போட்டிகள் 1991-லும் 2025-லும் இந்த ஊரில்தான் நடந்தன. பனி உருகியதும் அதே கேபிள் கார்கள் சைக்கிள்களைச் சுமக்கத் தொடங்கிவிடும். மேலே இறங்கி எக்ஸ்-லைன் என்ற பாதையைப் பிடித்தால் அந்த ஆயிரம் மீட்டரையும் சைக்கிளிலேயே இறங்கி ஊருக்கு வந்துவிடலாம். வடக்கு மலையைத் தாண்டினால் லேயோகாங். 2001-இல் அங்கே தொடங்கிய பைக் பார்க் என்ற சைக்கிள் பாதைப் பூங்காவில் 2012-லும் 2020-லும் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டிகள் நடந்திருக்கின்றன.

இந்தப் பாதைகளின் வீடியோவைப் பார்க்கும்போது எல்லாருடைய கண்ணும் ஓட்டுபவர் மேல்தான் இருக்கும். அவருடைய டயருக்குக் கீழே இருக்கும் மண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. காட்டுக்குள் தானாக அமைந்த தடம் மாதிரி தெரிந்தாலும், ஒரு நல்ல பாதையில் அடிக்கு அடி கணக்கு இருக்கிறது.

முதலில் ஆற்றல். ஆளும் சைக்கிளும் கவசங்களும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. தடுக்க எதுவுமே இல்லாவிட்டால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தொடும். நிஜத்தில் 30, 40 கிலோமீட்டரில்தான் பலரும் போகிறார்கள். அப்படியென்றால் மீதி ஆற்றல் எங்கே போகிறது? காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, டயரும் ஷாக் அப்சார்பரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. ஆனால் பிரேக் வேலை செய்ய வேண்டுமானால் டயர் மண்ணைப் பிடித்தாக வேண்டும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டயர் மண்ணைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. சக்கரம் சுழலாமல் இழுபட்டால் நேரடியாக உழுதே விடுகிறது.

வளைவுக்குச் சற்று முன்னால் இதன் விளைவைப் பார்க்கலாம். எல்லாரும் அங்கேதான் பிரேக்கை அழுத்துவார்கள். ஒரு சின்னக் கல்லில் ஏறி சக்கரம் துள்ளும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. மண்ணைத் தொட்டதும் மறுபடி பிடிமானம் கிடைத்து, தொட்ட இடத்தைத் தோண்டும். அடுத்து வருபவரின் சக்கரம் அந்தக் குழியில் விழுந்து எழும்பி, இன்னும் கொஞ்சம் தள்ளி அடுத்த குழியைப் போடும். இப்படியே வரிவரியாகக் குழிகள் வளர்கின்றன. மண்சாலைகளில் லாரி ஓடி உண்டாகும் அலைமேடுகளுக்கு இவை நெருங்கிய உறவு. கனடா, பிரிட்டன், பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர்கள் சேர்ந்து 2007-இல் அந்த அலைமேடுகளைப் பற்றிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் ஸ்பிரிங் எதுவும் இல்லாத சக்கரத்துக்குக்கூட அலைகள் எழுந்தன. உருளும் சக்கரமே இவ்வளவு செய்யும்போது, பிரேக் பிடித்த சக்கரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழி விழுந்தால் தண்ணீர் தேங்கும். ஆல்ப்ஸின் இந்த வடபகுதியில் கோடை மதியங்களில் இடிமழை சகஜம். கிளெம்டால் மலைகள் பெரும்பாலும் எளிதில் சிதையும் பலகைப் பாறைகளால் ஆனவை. அதனால்தான் உச்சிவரை புல் மூடி உருண்டையாக இருக்கின்றன. லேயோகாங்குக்கு எதிர்ப்புறம் நிற்கும் 2,634 மீட்டர் உயர பிர்ன்ஹார்ன் சிகரத்தின் சுண்ணாம்புப் பாறைச் சுவர்களைப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று தெரியும். பலகைப் பாறை சிதைந்த மண்ணில் களி கலந்திருக்கும். அளவான ஈரத்தில் அதை அடித்து இறுக்கினால் கரை கட்ட அருமையான மண். தண்ணீர் மிஞ்சிவிட்டால் வழுக்கும், பிறகு கரைந்து ஓடும்.

தண்ணீர் எப்போதும் மலையின் செங்குத்தான வழியைத்தான் தேடும். பாதையும் அதே வழியில் போனால் அது வாய்க்கால் ஆகிவிடும். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் இதற்குச் சில எளிய விதிகளைப் பரப்பியது. மலைச்சரிவில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது. மலை 40 சதவீதம் சரிந்தால் பாதை 20-ஐத் தாண்டக் கூடாது, மொத்தப் பாதையின் சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பாதையின் வெளிவிளிம்பு லேசாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் மழைநீர் பாதைக்குக் குறுக்கே ஓடி வெளியேறும். சரி, 10 சதவீதச் சரிவில் 1,000 மீட்டர் இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? 10 கிலோமீட்டர். ஒரு மலைமுகத்துக்குள் அதை அடக்க ஒரே வழி, திரும்பத் திரும்ப வளைப்பதுதான்.

வளைவில்தான் சிக்கல் கூடுகிறது. 7 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்பினால், பக்கவாட்டில் உடலின் எடைக்குச் சமமான விசை தேவைப்படும். தட்டையான மண்ணில் டயரால் அதைத் தர முடியாது. எனவே வெளிப்பக்கம் கரை எழுப்புகிறார்கள், ஓட்டுபவர்கள் இதை பெர்ம் என்பார்கள். அந்த வேகத்துக்குக் கரை 45 டிகிரி சாய்ந்திருந்தால் பக்கவாட்டுப் பிடிமானமே தேவையில்லை. உடல் எடை 1.4 மடங்கானதுபோல் அழுத்தும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சாய்வு ஒரு வேகத்துக்குத்தான் சரி. அதனால் நல்ல பெர்ம் கீழே மெதுவாகவும் மேலே போகப்போகச் செங்குத்தாகவும் எழும். வேகமாக வருபவர் மேலே ஏறுவார், மெதுவாக வருபவர் கீழேயே திரும்புவார்.

பெர்ம் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே மேலிருந்து வரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும். அதே இடத்தில்தான் எல்லாரும் பிரேக் பிடிக்கவும் செய்கிறார்கள். இரண்டு தொல்லைக்கும் பாதை அமைப்பவர்கள் கண்ட மருந்து ஒன்றுதான். வளைவுக்கு முன்னால் ஒரு பள்ளம், அதையடுத்து ஒரு மேடு. தண்ணீரால் மேடேற முடியாது, பள்ளத்திலேயே ஒதுங்கி வெளியே போய்விடும். ஓட்டுபவர் மேடேறுவார், ஏறும்போதே வேகம் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மலைப்பாதைப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதன் கணக்கும் சுவையானது. மணிக்கு 36 கிலோமீட்டரில் வருபவர் 1 மீட்டர் மேடேறினால் வேகம் 32 ஆகும். 20-இல் வருபவருக்கோ 12 ஆகிவிடும். அதனால் தொடக்கநிலையினரின் நீலப் பாதைக்கும் தேர்ந்தவர்களின் கறுப்புப் பாதைக்கும் ஒரே மேடு பொருந்தாது. இன்னொன்று, வளைவு மேட்டின் தலையிலேயே தொடங்க வேண்டும். மேட்டைத் தாண்டி இறக்கிவிட்டால் இழந்த வேகம் அப்படியே திரும்பி வந்துவிடும், மறுபடி பிரேக், மறுபடி குழி.

தொடர்ச்சியான சிறு மேடுகளில் தேர்ந்தவர்கள் மிதிக்காமலே வேகம் கூட்டுவதும் உண்டு. பள்ளத்தில் கால்களை நீட்டி அழுத்தி, மேட்டில் மடக்குவார்கள். ஊஞ்சலில் நின்று உந்துவதும் இதே இயற்பியல்தான்.

தாவுமிடங்களில் முக்கியம் உயரமோ தூரமோ அல்ல, இறங்கும் சரிவின் கோணம். 40 கிலோமீட்டர் வேகத்தில் 30 டிகிரிக் கோணத்தில் வந்து தட்டைத் தரையில் விழுந்தால், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் குதித்த அதிர்ச்சி. அதே வேகத்தில், தரையும் கூடவே சாய்ந்து இடைக்கோணம் 10 டிகிரியாகக் குறைந்தால், அது சுமார் 20 சென்டிமீட்டரிலிருந்து குதிப்பதற்குச் சமம்.

பந்தயத் தடம் மட்டும் இந்த விதிகளுக்கு அடங்காது. அங்கே வழுக்கலும் செங்குத்தும்தான் வீரர்களுக்கு வைக்கும் சோதனை. 2020 அக்டோபரில் லேயோகாங்கில் காட்டுக்குள் புதிதாக வெட்டிய செங்குத்துப் பகுதி மழையில் சேறாகி, உலகின் முன்னணி வீரர்களையே வரிசையாகச் சாய்த்தது. ஸ்காட்லாந்தின் ரீஸ் வில்சனும் சுவிட்சர்லாந்தின் கமீல் பலான்ஷும் அந்தச் சேற்றில் உலகச் சாம்பியன் ஆனார்கள். பந்தயத்துக்கு அது சரி. கோடை முழுக்கப் பொதுமக்கள் ஓட்டும் பாதை அப்படி இருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

சட்டமும் இதில் கைகொடுக்கிறது. ஆஸ்திரியாவின் 1975-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி காட்டில் யாரும் நடக்கலாம், ஆனால் சைக்கிள் ஓட்ட நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஒரு தடம் கெட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்றை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. ஓட்டுபவர்களில் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிப்பதில்லை. நல்ல பாதைகள் அமைய இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அனுமதி கிடைத்த அந்தக் குறுகிய பட்டையிலேயே வடிகாலும் வேகமும் முதல்முறையே சரியாக அமைய வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் பராமரிப்பாளர்கள் மண்வெட்டியோடு வந்துதான் ஆக வேண்டும், அடைத்த வடிகாலைத் திறக்க, குழிகளை நிரப்ப, களி காய்ந்து உதிர்ந்த பெர்ம்களை நனைத்து மறுபடி அடித்து இறுக்க.