18 விநாடியில் காணாமல் போகும் வரிசை

ரோலர் கோஸ்டரின் ஏறுமேடையில் ஒரு ரயில் வந்து நின்று, மறுபடி கிளம்புவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். பயணிகளை இருக்கையில் பிடித்திருக்கும் மடிக்கம்பிகள் விடுபடுகின்றன. சுற்றி வந்தவர்கள் ஒரு பக்கம் இறங்குகிறார்கள். எதிர்ப்பக்கக் கதவுகள் திறந்து புதியவர்கள் ஏறுகிறார்கள். தோள்பை, தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாம் பத்திரமான இடத்துக்குப் போகின்றன. இரண்டு பக்கமும் ஊழியர்கள் நடந்து, ஒவ்வொரு மடிக்கம்பியையும் அழுத்தியும் இழுத்தும் பார்க்கிறார்கள். கடைசி இருக்கை முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் பொத்தானை அழுத்துகிறார். ரயில் நகர்கிறது.

ரயிலில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே 72 விநாடி. மணிக்கு 50 ரயில், 1,200 பேர். கேளிக்கைப் பூங்காவில் வரிசையில் நிற்காமல் ஏற நேரம் வாங்கித்தரும் முன்பதிவு ஏற்பாடு எத்தனை நவீனமாக இருந்தாலும், செயலியில் இருந்தாலும் கைப்பட்டையில் இருந்தாலும், அது பங்கு போட்டுக் கொடுப்பது இந்த 1,200 இருக்கைகளைத்தான். 1,201-வது இருக்கையை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது.

இந்த 72 விநாடியில் கொஞ்சம் தவறவிட்டால் பிறகு ஈடுகட்டலாமா? முடியாது. தண்டவாளம் பிளாக் என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ரயில்வே சிக்னலில் உள்ள அதே விதி: ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். மேடையில் இருக்கும் ரயில் கிளம்பாதவரை, பின்னால் சுற்றி வந்த ரயில் மேடைக்கு வெளியே பிரேக்கில் நின்றுவிடும். மலையேறும் சங்கிலிக்கு ஒரு வேகம், இறங்கும்போது புவியீர்ப்பு தரும் வேகம், அவ்வளவுதான். ஓட்டத்தில் நேரத்தைப் பிடிக்க வழியே இல்லை. கூட்டிக் குறைக்க முடிவது மேடையில் செலவாகும் நேரம் மட்டுமே.

இனி வரிசைக்கு வருவோம். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணித நிரூபணம் தந்த ஒரு விதி, வரிசை இயலுக்கே அடித்தளம். வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது, வரிசை நகரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 1,200 பேர் ஏறும் ரைடில் 600 பேர் நின்றால் காத்திருப்பு அரை மணி நேரம். வங்கியானாலும் மருத்துவமனையானாலும் இதே கணக்குதான்.

1999-ல் டிஸ்னி நிறுவனம் ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. ரைடின் வாசலில் இருந்த இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் ஒரு மணி நேர இடைவெளி அச்சாகியிருக்கும்: பிற்பகல் 2.10 முதல் 3.10 வரை வரலாம் என்பதுபோல. அந்த நேரத்தில் வந்தால் தனி வழியாகச் சில நிமிடத்தில் ஏறிவிடலாம். ஒன்றை வாங்கியபின் அடுத்ததை வாங்கக் குறிப்பிட்ட நேரம் பொறுக்க வேண்டும். காசு கிடையாது. வரிசையில் நிற்காத நேரத்தில் மக்கள் கடைக்கும் உணவகத்துக்கும் போவார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதன் பின்னால் இருந்தது.

பழைய வரிசை அப்படியே பக்கத்தில் இருந்தது. அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். நம்மூர்க் கோயிலில் சிறப்பு தரிசனம், பொது தரிசனம் என்று இரண்டு வழி இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வழியும் ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும், ஏனென்றால் ரயில் ஒன்றுதான். அந்த இடத்துக்கு மெர்ஜ் பாயின்ட் என்று பெயர். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் நுழைவாயிலில் காத்திருப்பு நிமிடம் காட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய நேரம் உண்மையில் தீர்மானமாவது இங்கேதான்.

மெர்ஜில் ஒரு ஊழியர் நிற்கிறார். இடது கையில் பாஸ்காரர்கள், வலது கையில் ஸ்டாண்ட்பை. நாற்பது பேரை இடப்பக்கத்திலிருந்து விட்டால் பத்துப் பேரை வலப்பக்கத்திலிருந்து விட வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் விகிதம் என்று கொள்வோம். அதாவது 80 சதவீதம் பாஸுக்கு. அதிகம் பேர் ஏற விரும்பும் ரைடுகளில் இது மிகையான எண் அல்ல. எண்ணிக்கொண்டே விடுவார். பத்தாவது ஆள் ஒரு குடும்பத்தின் நடுவில் வந்தால் குடும்பத்தைப் பிரிக்க மாட்டார். பன்னிரண்டாக விட்டுவிட்டு அடுத்த முறை எட்டாகச் சரிசெய்வார். இடப்பக்க வரிசை நீண்டு வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்தால், கொஞ்ச நேரத்துக்கு வலப்பக்கத்தை ஏறக்குறைய நிறுத்தியே வைப்பார்.

கணக்கு இப்படி மாறுகிறது. மணிக்கு 1,200-ல் 960 பாஸுக்கு. ஸ்டாண்ட்பைக்கு 240. இப்போது லிட்டிலின் விதியைப் போடுங்கள்: ஸ்டாண்ட்பையில் 240 பேர் நின்றால் காத்திருப்பு ஒரு மணி நேரம். பாஸ் முறை இல்லாமல் அதே 240 பேர் நின்றிருந்தால் 12 நிமிடம். வரிசை குட்டையாகத் தெரிந்தும் நகராமல் இருப்பதன் காரணம் இதுவே. கண்ணால் பார்த்து அளக்கும் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். நம் முன்னால் நிற்கும் தலைகளில் முக்கால்வாசிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன.

ஏறுமேடையில் 72 விநாடி 90 ஆகிவிட்டது என்று வையுங்கள். பெரிய கோளாறு எதுவும் வேண்டாம். ஒருவருடைய மடிக்கம்பி சரியாகப் பூட்டவில்லை, திறந்து மறுபடி பூட்ட வேண்டும். அல்லது பையை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் தேடுகிறார்கள். 18 விநாடிதான். மணிக்கு 50 ரயில் 40 ஆகிறது, 1,200 பேர் 960 ஆகிறார்கள். போனது 240 இருக்கை, ஸ்டாண்ட்பையின் மொத்தப் பங்கு அதே 240. பாஸ் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அந்த 960 பேருக்கும் வாக்கு கொடுத்தாகிவிட்டது. கணக்குப்படி ஸ்டாண்ட்பை அப்படியே நிற்க வேண்டும். நடைமுறையில் அடியோடு நிறுத்த மாட்டார்கள், இரண்டு வரிசையும் சேர்ந்து வீங்கும். ஆனால் வலியில் பெரும்பங்கு ஸ்டாண்ட்பையின் தலையில்தான் விழும். தாமதத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கும் குணம் ஒற்றை வரிசைக்கு உண்டு. இரட்டை வரிசைக்கு அது இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுவென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அதனால்தான் பாஸ் எண்ணிக்கையை ரைடின் ஏட்டுத் திறனை வைத்து நிர்ணயிப்பது ஆபத்து. அன்று எத்தனை ரயில் ஓடுகிறது, கடந்த சில மணி நேரத்தில் உண்மையில் எத்தனை பேர் ஏறினார்கள், பாஸ் எடுத்தவர்களில் எத்தனை பேர் வராமல் விடுகிறார்கள் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். வராதவர்களை எதிர்பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதும் உண்டு, விமான நிறுவனங்கள் செய்வதுபோல. தொடக்க காலத்தில் சீட்டில் அச்சான நேரம் கடந்து மாலையில் வந்தாலும் உள்ளே விட்டார்கள். அந்தத் தாராளத்தால் யார் எப்போது வருவார்கள் என்றே கணிக்க முடியாமல் போனது. 2012-ல் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நேரத்தைக் கண்டிப்பாக்கினார்கள்.

ரைடு பழுதாகி நின்றுவிட்டால்? அதே உதாரணத்தில் 40 நிமிடம் நிற்கட்டும். 800 இருக்கை போயிற்று. அதில் 640 பாஸ்காரர்களுடையது. அவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பாஸை நீட்டித்துக் கொடுப்பார்கள். ரைடு மறுபடி ஓடத் தொடங்கியதும் வழக்கமான 960 பேரோடு இவர்களும் வருகிறார்கள். ஸ்டாண்ட்பையை 120 ஆகப் பாதியாக்கினாலும், பாக்கியைத் தீர்க்கக் கிடைப்பது மணிக்கு 120 இருக்கை. 640 பேரும் வந்தால் தீர ஐந்து மணி நேரத்துக்கு மேல். பாதிப் பேர் வந்தாலே 2 மணி 40 நிமிடம். காலை 11 மணிக்கு நின்ற ரைடின் நெரிசல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கரையாமல் இருப்பது இதனால்தான். அந்தப் பாஸை வேறு ரைடிலும் பயன்படுத்தலாம் என்று கொடுத்தால் இந்தச் சுமை பல இடங்களுக்குப் பரவி இறங்கும். நல்ல தீர்வுதான், ஆனால் ஒன்றும் பழுதாகாத ரைடின் ஸ்டாண்ட்பையில் நிற்பவர், எங்கோ நின்றுபோன ரைடுக்காகவும் சேர்த்துக் காத்திருக்கிறார்.

2013, 2014 வாக்கில் காகிதச் சீட்டு போய் ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் வந்தது. கைப்பட்டைக்குள் ஒரு ரேடியோ சில்லு. தூணில் உள்ள வட்டத்தில் தொட்டால் பச்சை எரிந்து உள்ளே விடும். நீலம் எரிந்தால் ஊழியர் கவனிக்க வேண்டும். வாசலில் ஒரு முறை, மெர்ஜுக்கு அருகே மறுமுறை என இரண்டு இடத்தில் தொடச் செய்தார்கள். இடையில் யாரும் வேலி தாண்டிச் சேர்ந்துகொள்ளவில்லை என்று அதில் உறுதியாகும். இரண்டு தொடுதலுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து பாஸ் வழியின் உண்மையான காத்திருப்பும் கிடைத்துவிடும். வீட்டில் இருந்தபடியே 30 நாள் முன்னதாக, டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் 60 நாள் முன்னதாக, மூன்று ரைடுகளைப் பதிவு செய்யலாம் என்று ஆக்கினார்கள். 2020-ல் பெருந்தொற்றால் மூடித் திறந்தபோது அது நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று கட்டணச் சேவையாக வந்து, 2024 ஜூலையில் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியது. பெயர்களும் விலையும் மாறின. மெர்ஜில் நிற்பவரின் வேலை மாறவில்லை.

பூங்கா முழுவதையும் ஒரே தராசில் வைத்தால் இன்னொன்று விளங்கும். 30,000 பேர் வந்திருக்கிறார்கள், எல்லா ரைடும் சேர்ந்து மணிக்கு 25,000 பேரை ஏற்றுகின்றன, பூங்கா பத்து மணி நேரம் திறந்திருக்கிறது என்று கொண்டால் மொத்தம் 2,50,000 சவாரி. ஆளுக்குச் சராசரி எட்டுக்குச் சற்று மேல். பாஸ் வந்ததால் இது ஒன்பதாகாது. ஒருவர் பன்னிரண்டு ஏறினால் வேறு ஒருவர் நான்கு ஏறுகிறார். பாஸ் கையில் இருப்பவர் காத்திருக்கும் நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதில்லை, பக்கத்து ரைடின் ஸ்டாண்ட்பையில் போய் நிற்கிறார். ஒரே ஆள் இரண்டு வரிசையில் இருக்கிறார். முன்பு காற்றாடிக்கொண்டிருந்த ரைடுகளிலும் கூட்டம் சேர்வதற்கு இது ஒரு காரணம்.

பிரிட்டிஷ் நிறுவனமான லோ-க்யூ இந்தச் சிக்கலை வேறு மாதிரி அணுகியது. அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களில் 2000-களின் தொடக்கத்தில் வந்த அதன் கருவி, கையில் அடங்கும் அளவில் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரே ரைடுக்குத்தான் அதில் இடம் பிடிக்க முடிந்தது. அடிப்படைச் சேவையில், ஸ்டாண்ட்பையில் எத்தனை நிமிடமோ அத்தனை நிமிடம் கழித்தே முறை வந்தது. யாரையும் முந்துவதில்லை, கால் கடுக்க நிற்பதிலிருந்து விடுதலை, அவ்வளவே. வேகம் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம், அங்கே மறுபடி முந்துதல் வந்துவிடுகிறது.

ஸ்டாண்ட்பையையே எடுத்துவிட்டு அனைவரையும் எண் வரிசையில் வைப்பது இன்னொரு வழி. 2019 டிசம்பரில் ஃபுளோரிடாவில் டிஸ்னி திறந்த ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் ரைடில் போர்டிங் குரூப் என்று கொடுத்தார்கள். மணி எதுவும் சொல்லப்படாது. குழு எண் மட்டும். உங்கள் எண் வரும்போது கைபேசியில் அழைப்பு வரும். அடிக்கடி நின்றுவிடும் சிக்கலான ரைடுக்கு இது மிகப் பொருத்தம். ஒரு மணி நேரம் பழுதானால் அழைப்பது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மணி குறித்துக் கொடுத்த 640 பேர் ஒரே நேரத்தில் வாசலில் வந்து மோதுவது நடக்காது. விலை என்னவென்றால், காலையில் பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே அன்றைய எண்கள் தீர்ந்துபோயின. காத்திருக்கத் தயாராக இருந்தும் கைபேசியில் விரல் பிந்தியவருக்கு வழியே இல்லாமல் போயிற்று.

எதையும் பிரிக்காமல் இருக்கையைக் கூட்டும் ஏற்பாடு ஒன்றே ஒன்று இருக்கிறது: தனியாள் வரிசை. நான்கு பேர் அமரும் வரிசையில் மூவர் குடும்பம் உட்கார்ந்தால் ஒரு இருக்கை காலி. ரயிலுக்கு இரண்டு காலி என்றாலே மணிக்கு 100 இருக்கை வீண். தனியாகப் போகச் சம்மதிப்பவர்களை மேடை அருகே நிறுத்தி அந்த இடைவெளிகளில் நிரப்பினால் யாருடைய பங்கும் குறையாது. இதற்கு ஏறுமேடையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் ஊழியர் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், ரயில் வருவதற்கு முன்பே எந்த வரிசையில் ஓட்டை விழும் என்று எண்ணி வைத்திருக்க வேண்டும்.

வாசலில் உள்ள நிமிடப் பலகையை எப்படி எழுதுகிறார்கள்? டிஸ்னியில் நெடுங்காலம் ஒரு சிவப்பு அட்டை இருந்தது. வாசலில் ஒருவர் கழுத்தில் மாட்டிவிடுவார்கள், ஏறும் இடத்தில் அவர் திருப்பிக் கொடுப்பார், இடைப்பட்ட நேரம் பதிவாகும். நுட்பமான அளவைதான், ஆனால் அது காட்டுவது அட்டையை வாங்கியவர் நின்ற நேரம். இப்போது நுழைபவர் நிற்கப்போகும் நேரம் அதிலிருந்து மாறலாம், விகிதம் நடுவில் மாறியிருந்தால் வெகுவாகவே மாறும்.

ஸ்டாண்ட்பையில் நிற்கும்போது நேரத்தை நீங்களே கணக்கிடலாம். மெர்ஜ் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்ததும், உங்கள் பக்கத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் எத்தனை பேரை விடுகிறார்கள் என்று எண்ணுங்கள். இருபது பேர் என்றால் நிமிடத்துக்கு நான்கு. முன்னால் 80 பேர் இருந்தால் மெர்ஜைத் தாண்ட 20 நிமிடம். தாண்டிய பிறகு எல்லோரும் ஒரே வரிசை, முழு வேகம். அங்கே நூறு பேர் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். ஒரு முறை எண்ணியதோடு விட்டுவிடாமல், பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். பாஸ் நேரம் முடியும் தறுவாயில் இடப்பக்கம் ஆட்கள் மொத்தமாக வந்து சேர்வார்கள், அப்போது நான்கு இரண்டாகிவிடும்.