அக்கிக்குக் காவி எழுதப் போன மூன்று நாட்கள்

நேற்று வந்த பெரியவருக்கு 68 வயது. சட்டையின் இடது பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்தார். துணி பட்டால் தீ பட்டது போல எரிகிறதாம். அக்கி காய்ந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. விலாவில் தழும்பு மட்டும்தான் மிச்சம். கொப்புளம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மூணு நாள் காவி எழுதினோம் டாக்டர்" என்றார் மகன். கொப்புளத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்துப் பூசுவதைத்தான் சொல்கிறார். இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர்.

எத்தனை தடவை சொன்னாலும் சரி, மறுபடியும் சொல்கிறேன். அக்கி உடம்புச் சூட்டால் வருவதில்லை. எப்போதோ போட்ட சின்னம்மையின் கிருமி நரம்பின் வேரில் தங்கியிருந்து, வயதாகும்போதோ எதிர்ப்பு சக்தி குறையும்போதோ கிளம்புகிறது. கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்துவிடும். எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். பேர் மட்டும் காவிக்குப் போய்விடுகிறது. எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மனதோடுதான் எழுதுகிறார். ஆனால் உள்ளே நரம்பு புண்ணாகிக்கொண்டிருக்கிறதே!

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். பிறகு வலியே வராது என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அக்கியின் வேகமும் அப்போதைய வலியும் சீக்கிரம் அடங்கும். அந்த 72 மணி நேரத்தைத்தான் காவிக்குக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

வலி பல சமயம் கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வந்துவிடும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக எரியும், சுருக்கென்று குத்தும். நெஞ்சுவலி என்று ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய், மறுநாள் கொப்புளத்தோடு வந்தவர்கள் உண்டு. நெற்றியிலோ, இமையிலோ, மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பார்வைக்கே ஆபத்து.

அப்புறம், காய்ந்த பிறகும் எரிகிறது என்றால் மெடிக்கலில் சாதாரண வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நரம்பு வலி அதற்குப் பெரும்பாலும் அடங்காது. அதற்கென்று பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை இருக்கின்றன. டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். இரண்டு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் எழுதாமல் விடமாட்டார்கள் என்றால், தயவுசெய்து முதலில் டாக்டரிடம் போங்கள். பிறகு கும்பிட்டுக்கொள்ளலாம். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் மண்ணைப் பூச வேண்டாம், சீழ் பிடித்துவிடும்.