அதிகம் ஓடாத கார் டிராக்குக்கு வரும்போது

சொந்தக் காரை எடுத்துவந்து பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்தான் டிராக் டே. அந்தக் காலைகளில் என் வேலை, வரிசையில் நிற்கும் கார்களைக் குனிந்து பார்ப்பது. பேட்டரி ஆடுகிறதா, சக்கரத்தை உலுக்கினால் பேரிங் சத்தம் வருகிறதா, பிரேக் பெடல் எங்கே நிற்கிறது, டயர் எப்படி இருக்கிறது. எல்லாம் சரியென்றால் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புவேன். மற்ற நாட்களில் ஒர்க்‌ஷாப்பில் பிரேக், சஸ்பென்ஷன் வேலை. இத்தனை வருடத்தில், நிறைய ஓடித் தேய்ந்த காரைக் கண்டு நான் பெரிதாகப் பயந்ததில்லை. அதன் சொந்தக்காரருக்கே எது தேய்ந்திருக்கிறது என்று தெரியும். துணி போட்டு மூடி, மாதம் ஒருமுறை மட்டும் வெளியே எடுத்து, தூசி படாமல் வைத்திருக்கும் குட்டி இரண்டு சீட்டர் வந்து நின்றால்தான் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து பார்க்கிறேன்.

ஒரு காலை அப்படி ஒன்று வந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி. டயரின் பள்ளத்தில் விரலை விட்டால் ஏறக்குறைய புது டயரின் ஆழம். ஆனால் ரப்பரை நகத்தால் அழுத்தினால் நகம்தான் வளைந்தது.

"அண்ணே, வெறும் 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. மழையில்கூட எடுத்ததில்லை" என்றார் சொந்தக்காரர்.

"சார், பக்கவாட்டுல இந்த நாலு எண்ணை மட்டும் படிங்க."

"1114."

"2014ஆம் வருஷம், பதினோராவது வாரம். உங்க டயர் பிறந்த நாள்."

முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். எல்லா டயரிலும் இருக்கும். சில சமயம் உள்பக்கம் திரும்பியிருக்கும், அப்போது காருக்கு அடியில் தலையை விட்டுத்தான் படிக்க வேண்டும். ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லை. சும்மா நின்றாலும் காற்றும் வெயிலும் அதை இறுக்கிவிடும். பத்து வருடம் தாண்டியதை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. டிராக்குக்கு என் கணக்கு இன்னும் கறார்: ஆறு வருடத்துக்கு மேல் என்றால் நான் ஸ்டிக்கர் ஒட்டத் தயங்குவேன். அன்று அவர் காரை உள்ளே விடவில்லை. பயிற்சியாளரின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாலு சுற்று வந்தார். மாலை வரை என்னோடு பேசவில்லை.

இந்த வகைக் கார்களின் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. 1996இல் விற்பனைக்கு வந்த முதல் லோட்டஸ் எலீஸின் எடை சுமார் 725 கிலோ. பசை போட்டு ஒட்டிய அலுமினியச் சட்டகம் மட்டும் 70 கிலோவுக்கும் கீழே. எஞ்சின் ஒரு சாதாரண 1.8 லிட்டர், 118 குதிரைத்திறன். நேர்பாதையில் பெரிய கார்கள் அதைச் சுலபமாக விட்டுச் செல்லும். வளைவு வந்ததும் கதை மாறும். 1957இல் லோட்டஸ் காராகப் பிறந்து, 1973இலிருந்து கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கையில் வளரும் செவன் ஆகட்டும், 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஆகட்டும், சுகம் ஒன்றுதான்: ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினாலும் கார் பதில் சொல்லும். டயர் சறுக்கத் தொடங்குவதை இடுப்பிலேயே உணரலாம். மூன்று இலக்க வேகத்துக்குப் போகாமலேயே ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு ஓட்டலாம். டயரும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும்கூடக் கனமான கார்களைவிட அதிகம் நீடிக்கும்.

அந்தக் கடைசி வரியில்தான் வினை இருக்கிறது. எடை குறைவு என்பதால் பிரேக்குக்கு வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒருவரால் நானும் ஒரு பாடம் படித்தேன், தப்பு என்னுடையதும்தான்.

காலையில் அவர் காரின் பெடலை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். இரண்டாவது செஷனில், நீளமான நேர்பாதையின் முடிவில், பெடல் தரைவரை போய்விட்டது. மனிதர் பதறாமல் இரண்டு முறை விட்டு விட்டு மிதித்தார். மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. மீதியைப் பாதையோரத்தில் கொட்டியிருக்கும் சரளைக்கல் பார்த்துக்கொண்டது. காருக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார்களை நிறுத்தும் இடமான பேடக்கில் சூடு ஆறியபின் மிதித்துப் பார்த்தால் பெடல் மறுபடியும் ஓரளவு தேறியிருந்தது. ப்ளீட் பண்ணியபோது, அதாவது குழாயிலிருந்து பழைய ஆயிலை வடித்தபோது, வெளியே வந்த பிரேக் ஆயில் கறுத்த பழுப்பு. "எப்ப மாத்தினீங்க?" என்றேன். காரை வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. ஓடினால்தானே மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கார் ஷெட்டில் தூங்கினாலும் அது தூங்காது. டாட் என்பது டப்பாவில் இருக்கும் தரக்குறி. டாட் 4 வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால் தேவைப்படும் அளவு 155 டிகிரிதான். டாட் 5.1 என்றால் 260, ஈரத்தோடு 180. பேடைத் தள்ளும் காலிபருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், உங்கள் கால் அந்தக் குமிழைத்தான் நசுக்கும், பேடைத் தள்ளாது. ஆறினால் குமிழ் மறுபடி திரவமாகிவிடும். அதனால்தான் காலையில் குளிர்ந்த பெடலை மிதித்துப் பார்த்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் பெடலை மிதிக்கும் முன் ஆயில் மாற்றிய தேதியைக் கேட்கிறேன். தேதி சொல்லத் தெரியாதவர், மாற்றிவிட்டு வரட்டும்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. பின்னது சிலிகோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று ஊற்றிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், போன வருடம் திறந்து பாதி மீந்த டப்பாவை ஊற்றாதீர்கள். அதுவும் ஈரம் குடித்ததுதான்.

எடை குறைந்த காருக்கு எப்படி இவ்வளவு சூடு வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். காரும் ஆளும் பெட்ரோலும் சேர்ந்து 1000 கிலோ. மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறக்கினால், வேகம் பாதியாகிறது, ஆனால் காரிடம் இருந்த ஆற்றலில் முக்கால்வாசியைக் கழித்தாக வேண்டும். காற்றும் எஞ்சினும் தின்பது கொஞ்சம். மீதமெல்லாம் பிரேக்குக்கு. ஒரு தடவை பிரேக் பிடித்தால் கழியும் அந்த ஆற்றல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு சுற்றில் ஐந்தாறு தடவை, இருபது நிமிடம். கனமான கார் இதைவிட அதிகம் சூடாக்கும், உண்மைதான். ஆனால் அதற்குத் தகுந்த பெரிய டிஸ்க்கும் அதில் இருக்கும். உங்கள் குட்டிக் காரில் இருப்பவையும் குட்டி டிஸ்க்குகள்தானே.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றும் கார் நிற்க மறுத்தால், பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. எரிந்த வாடையும் வரும். இரண்டிலும் அடுத்து செய்ய வேண்டியது ஒன்றே: வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று ஓட்டி உள்ளே வாருங்கள். "இன்னும் ரெண்டு சுற்றுதானே" என்ற நினைப்பு வந்தால் அதுதான் நல்ல அறிகுறி, உடனே உள்ளே வர வேண்டும் என்பதற்கு. வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைச் சூடான பேட் கவ்விக்கொண்டு நின்றால் டிஸ்க்கில் ஒரே இடத்தில் சூடு தேங்கும், பேடின் தடமும் அதில் படியும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி ஒரு வரி. நல்ல பிடிப்புள்ள டயரில் நீண்ட வளைவு எடுக்கும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச நேரலாம். டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருக்கட்டும், ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் பாருங்கள்.

ஓட்டும் விதத்திலும் இந்தக் கார்களுக்கென்று இரண்டு ஆபத்து உண்டு. முதலாவது, உங்களுக்கு முன்னால் போகும் கனமான கார். வளைவுக்கு நீங்கள் பிரேக் பிடிக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே அவர் பிடிப்பார். நேர்பாதையில் தூரமாகத் தெரிந்த பின்பம்பர் திடீரென்று மூக்குக்கு முன் நிற்கும். அதேபோல நேர்பாதையில் அவர் உங்கள் கண்ணாடியை நிறைப்பார். பந்தயமில்லை இது, சுற்று நேரம் அளப்பதையே பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். நேர்பாதையில் கையைக் காட்டி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, போக விடுங்கள். பின்னால் வேகமான கார் வருகிறது என்று காட்டும் நீலக் கொடி ஆடும்வரை காத்திருப்பது நாகரிகமாகாது.

இரண்டாவது, எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கார்கள். வளைவின் நடுவில் வேகம் அதிகம் என்று பயந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். நீளம் குறைந்த கார் என்பதால் அது கண் இமைக்கும் நேரம். பயிற்சியாளர் முதல் செஷனிலேயே "காலை மெதுவா எடுங்க, பிரேக்கை நேரா இருக்கும்போதே முடிச்சிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். காரில் எலெக்ட்ரானிக் உதவிகள் இருந்தால் முதல் நாள் அணைக்காதீர்கள். அணைத்துவிட்டு ஓட்டினேன் என்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

ஹெல்மெட்டில் ஒரு விஷயம். ஹெல்மெட்களைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையில் எஸ்.ஏ. என்றிருந்தால் கார் பந்தயத்துக்கானது, உட்துணி தீயைத் தாங்குமா என்றும் சோதித்திருப்பார்கள். எம் என்றிருந்தால் மோட்டார் சைக்கிளுக்கானது. எதை ஏற்பார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். நாலு முனை பெல்ட்டைச் சாதாரண சீட்டில் கட்டிக்கொண்டு வருபவர்களிடமும் நான் சண்டை போடுவதுண்டு. மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும். கார் கவிழ்ந்தால் சாயக்கூட இடமிருக்காது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல்பார் கம்பி, அந்த பெல்ட்டுக்கான சீட், கால்களுக்கு நடுவே வரும் பட்டை இதெல்லாம் இல்லாத காரில் கம்பெனி பெல்ட்டே போதும். மறக்காமல் சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுங்கள். முதல் பிரேக்கில் அது பெடலுக்கு அடியில்தான் வந்து சேரும்.

இனி டயர் காற்று. குளிர்ந்திருக்கும்போது 28 பி.எஸ்.ஐ. வைத்து உள்ளே போனால், டயருக்குள்ளிருக்கும் காற்று 25 டிகிரியிலிருந்து 75க்கு ஏறியதும் அது 35 ஆகிவிடும். சறுக்குகிறதே என்று பேடக்கில் காற்றை இறக்கி 30க்குக் கொண்டுவருவீர்கள். அது சரியான வேலைதான். ஆனால் மாலையில் எல்லாரும் கதை பேசி, படம் எடுத்து, டயர் முழுக்க ஆறிய பிறகு அதே அளவுமானியை வைத்தால் 24க்குக் கீழே காட்டும். பலர் அப்படியே சாலையில் ஏறிவிடுகிறார்கள். நான் கிளம்பும் வரிசையில் பம்பையும் நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சையும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். காற்றை நிரப்பி, ஆறிய வீல் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஒருமுறை இறுக்கிப் பார்த்த பிறகு கிளம்புங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அன்று என்னோடு பேசாமல் போனவர் அடுத்த முறை புது டயரோடு வந்தார். மாலையில் அந்த வரிசையில் முதலில் நின்றது அவர் கார்தான்.