யூ.ஏ.டி. என்றால் பயனர் ஏற்புச் சோதனை

சாஃப்ட்வேர் ஆபீஸில் 'யூ.ஏ.டி. போய்க்கிட்டிருக்கு' என்று யாராவது சொன்னால், எழுதுகிற வேலை முடிந்தது, இனி வாடிக்கையாளர் வாயிலிருந்து 'சரி' வரவேண்டியதுதான் பாக்கி என்று பொருள். யூசர் அக்செப்டன்ஸ் டெஸ்டிங் என்பதன் சுருக்கம் அது. ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்க்கும் அலகுச் சோதனை, துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனை, முழுதையும் பார்க்கும் அமைப்புச் சோதனை எல்லாம் அதற்கு முன்பே ஆகியிருக்கும். அவை, மென்பொருளைச் செய்த தரப்பு பார்க்கிற சோதனை. இது, தினமும் அதில் வேலை செய்யப்போகிறவர்கள் தங்கள் வேலையை அதில் செய்து பார்க்கிற சோதனை. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைகளில் இருப்பவர்களுக்கு இந்த 'அக்செப்டன்ஸ்' புதிதல்ல. இயந்திரத்தைச் செய்த இடத்தில் ஒரு முறை, நிறுவிய இடத்தில் ஒரு முறை என்று ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம்.

எனக்கு இந்த வித்தியாசம் உறைத்தது காசிமேட்டில். மீன் ஏலக் கணக்குக்காக ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருந்தோம். ஆபீஸில் எப்படித் தட்டிப் பார்த்தும் ஒரு பிழை இல்லை. கணக்கு எழுதும் அக்காவிடம் டேப்லெட்டைக் கொடுத்தோம். முதல் திரையிலேயே அவர் விரல் நின்றுவிட்டது.

"இன்னா தம்பி, கிலோ கேக்குது? இங்க கூடையாதானே ஏலம் போவுது. கூடைய எங்க போடறது?"

எடையை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போகவே முடியாது. நாங்கள்தான் அப்படி வைத்திருந்தோம், ஏனென்றால் எங்களுக்கு வந்த தேவைப் பட்டியலில் கிலோ என்றுதான் இருந்தது. அதை எழுதியவர் விடியற்காலை ஏலத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அப்புறம் ஈரக் கை. ஒவ்வொரு எண்ணுக்கும் அக்கா முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டார். அதற்குள் அடுத்த கூடை போய்விட்டது. நிரல் எழுதியபடி ஓடியது. ஆனால் அதை அவரால் ஏற்க முடியாது.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'தெஸ்தும்' என்றால் மண்சட்டி. பொன்னையும் வெள்ளியையும் உருக்கிக் கலப்பைப் பிரித்து மாற்றுப் பார்க்கும் மூசைக்கு அந்தப் பெயர், பிரெஞ்சு வழியாக, ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று வந்து சேர்ந்தது. பாத்திரத்தின் பெயர் பிறகு செயலுக்கே பெயராயிற்று. வேடிக்கை என்னவென்றால், நம் 'சோதனை'யும் அதே பட்டறைச் சரக்குதான். வடமொழியில் 'சோதன' என்பது தூய்மை செய்தல். உலோகத்திலிருந்து கலப்பை நீக்குவதற்கும் அதே சொல். உருக்காமலே உரசிப் பார்க்கும் கல்லுக்குத் தமிழில் உரைகல் என்று பெயர். வள்ளுவர் அதைக் கட்டளைக்கல் என்கிறார். காசிமேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், கம்பெனி காலத்து நாணயச் சாலையால் பெயர் பெற்ற தங்கசாலைத் தெரு இருக்கிறது. அதை ஒட்டிய சவுகார்பேட்டை நகைக்கடைகளில் அந்தக் கறுப்புக் கல்லைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

'அக்செப்ட்' லத்தீனில் 'தன் பக்கம் எடுத்துக்கொள்' என்ற அளவில் நிற்கிறது. நம் 'ஏல்' அதைவிடக் கனமானது. ஏற்றல் என்றால் வாங்கிக்கொள்ளுதல். 'உடம்புக்கு ஏற்ற சாப்பாடு' என்கிறபோது பொருந்துதல். 'என்னால் ஏலாது' என்கிறபோது இயலுதல். வாங்கிக்கொள்வது, பொருந்துவது, கையால் ஆவது மூன்றும் அந்த ஒரு வேரில் இருக்கின்றன. அந்தச் சோதனையில் பார்க்கவேண்டியதும் இவை மூன்றைத்தான். ஆத்திசூடியின் 'ஏற்பது இகழ்ச்சி' பிச்சை ஏற்பதைச் சொன்னது, அதனால் நாம் கூசவேண்டியதில்லை. மீன் 'ஏலம்' இந்தக் குடும்பமே அல்ல. அது 'லெய்லாவ்' என்ற போர்ச்சுகீசியச் சொல், கப்பலேறி வந்தது.

யூசருக்குப் 'பயனர்' போதும். 'பயனாளி' என்றால் அரசுத் திட்டத்தில் பலன் பெறுபவர் நினைவுதான் வரும்.

ஆக, பயனர் ஏற்புச் சோதனை. ஏற்பு வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் நடுவில் வரும் 'ச்'சை விட்டுவிடக்கூடாது. சிலர் சுருக்கி 'பயனர் சோதனை' என்று எழுதுகிறார்கள். பயனரைச் சோதிப்பது போலல்லவா இருக்கிறது? (பல இடங்களில் நடப்பதும் அதுதான்.) 'ஒப்புதல் சோதனை' என்றும் பார்த்திருக்கிறேன். ஒப்புதலை, சோதனை முடிந்தபின் வாங்கும் 'சைன்-ஆஃப்' கையெழுத்துக்கென்று வைத்துக்கொள்வதே நல்லது.

காசிமேட்டுக்குக் கூடைக் கட்டம் சேர்த்து, எடையை விருப்பத்துக்கு விட்டு, பொத்தான்களைப் பெரிதாக்கி, விரலுக்குப் பதில் ஒரு பேனாவும் கொடுத்து மறுபடி போனோம். அக்கா ஒரு விடியற்காலை முழுக்க அதிலேயே கணக்குப் போட்டார். ஒப்புதல் தாளில் 'பயனர்' என்று இருந்த கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டவர் முதலாளி. அவர் அந்த டேப்லெட்டைத் தொடவே இல்லை.