தெள்ளுப்பூச்சி: நாயின் மேல் இருப்பது கொஞ்சம், வீட்டில் இருப்பது மிச்சம்

நாயைக் குளிப்பாட்டி மருந்தும் தடவியாயிற்று. இரண்டு வாரம் கழித்து அது மறுபடி சொறிய ஆரம்பித்தால், 'மருந்து சரியில்லை' என்று வேறொன்றை வாங்கி வருவார்கள். பெரும்பாலும் பழைய மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். நாயின் மேல் ஓடும் வளர்ந்த பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான் என்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மீதியில் பாதிக்கு மேல் முட்டை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புழு, எஞ்சியது கூட்டுப்புழு. இவை சோபா இடுக்கிலும், கால்மிதியடியிலும், நாய் படுக்கும் சாக்கிலும் கிடக்கின்றன.

முதலில் அது தெள்ளுதானா என்று பாருங்கள். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் தொங்கும். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். தெள்ளுக்கு ஆறு கால். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டையான உடல். முடிக்குள் விறுவிறுவென்று ஓடி மறையும். பூச்சி கண்ணில் படாவிட்டால், நாயின் வால் அடியில் நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உலர்ந்த ரத்தம். மண்ணாக இருந்தால் சிவக்காது. பூனைகள் நக்கி நக்கியே பூச்சிகளை விழுங்கிவிடுவதால், பூனை வளர்ப்பவர்களுக்குப் பல நேரம் இந்தக் கறைதான் ஒரே தடயம்.

பூனைத் தெள்ளு என்று அழைக்கப்பட்டாலும் அதே இனம் நாயையும் கடிக்கும். ரத்தம் குடித்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பெண் பூச்சி முட்டையிடத் தொடங்கிவிடும். உச்சத்தில் ஒரு நாளைக்கு 40, 50 முட்டை. அரை மில்லிமீட்டர் அளவுள்ள வழுவழுப்பான முட்டை, ஒட்டாது. விலங்கு படுக்கும், குதிக்கும், உடலை உதறும் இடமெல்லாம் உதிர்ந்துகொண்டே போகும். அதனால் நாய் அதிகம் தூங்கும் இடமே பூச்சி அதிகம் உருவாகும் இடம். முட்டையிலிருந்து வரும் புழு யாரையும் கடிக்காது. தாய்ப் பூச்சி நாயின் மேலிருந்து உதிர்க்கும் அந்த உலர்ந்த ரத்த எச்சம்தான் அதற்கு உணவு. வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கி, விரிப்பின் அடிநூலுக்கும் தரை வெடிப்புக்கும் இறங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துப்போகும். நம் கடலோர ஊர்களில் ஈரப்பதம் அவ்வளவு இறங்குவது அரிது.

சிக்கலெல்லாம் கூட்டுப்புழுவில்தான். புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு நெய்கிறது. கூட்டின் பிசுபிசுப்பில் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது, தெளிக்கும் மருந்தும் உள்ளே போகாது. உள்ளே முழு வளர்ச்சி அடைந்த பூச்சி, வெப்பமோ, அழுத்தமோ, மூச்சில் வரும் கரியமில வாயுவோ படும்வரை மாதக்கணக்கில் வெளியே வராமல் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் கணுக்காலெல்லாம் கடிபடுவது இதனால்தான். இந்த ஒரு கட்டத்தைக் கொல்ல நம்மிடம் நல்ல மருந்து இல்லை. பூச்சி வெளியே வரும்வரை காத்திருந்து, வந்ததும் கொல்ல வேண்டும்.

ஆகவே மருந்து போட்ட விலங்குதான் வீட்டின் மிகச் சிறந்த பொறி. கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சி உடனே ரத்தம் தேடி அதன் மேல்தான் தாவும். முட்டையிடும் முன்பே செத்தால் சங்கிலி அறுந்தது. 'வீடு சுத்தமாகும் வரை நாயை உறவினர் வீட்டில் விடலாம்' என்பது தவறான யோசனை. பொறியை வெளியே அனுப்பிவிட்டால் பூச்சிக்கு மிஞ்சுவது உங்கள் கால்தான். வீட்டிலுள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்க வேண்டும். ஒன்றை விட்டாலும் முட்டை உதிர்வது நிற்காது.

ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்தை, நாக்கு எட்டாதபடி இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, முடியை வகிர்ந்து தோலில் விட வேண்டும். முடியின் மேல் ஊற்றினால் அத்தனையும் வீண். அது தோலின் எண்ணெய்ப்பசையில் கலந்து உடல் முழுதும் பரவுகிறது. எனவே போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டக் கூடாது. மருந்து பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நாய்களுக்கு அஃபாக்சோலனர் மாதம் ஒரு மாத்திரை, ஃப்ளூரலனர் மூன்று மாதத்துக்கு ஒன்று என வாய்வழி மருந்துகளும் உண்டு. இவற்றுக்குக் குளியல் தடையில்லை. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எந்த மருந்தானாலும் விலங்கை எடை போட்டுத்தான் அளவு.

நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு ஒரு சொட்டுகூடப் போடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு, சில மணி நேரத்தில் மரணம்கூட வரலாம். மாட்டு உண்ணிக்கு விற்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் திரவங்களும் அதே குடும்பம். ஆமிட்ராஸ் உண்ணிக்குத்தான், தெள்ளுக்குப் பயன்படாது, பூனைக்கு ஆபத்தும்கூட. முயலுக்கு ஃபிப்ரோனில் உயிர்க்கொல்லி. பூண்டு, கற்பூரம், பினாயில், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் 'இயற்கை வைத்தியம்' என்ற பெயரில் செல்லப்பிராணிகளுக்கு நஞ்சாகுபவை. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் கூடாது. ஆனால் அவைதான் ரத்தசோகையில் சீக்கிரம் விழும். ஈறு வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். அதுவரை சீப்பால் வாரி, சிக்கும் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பும். சோப்பு கலந்தால் மூழ்கும்.

வீட்டில் முதல் வேலை வேக்குவம் கிளீனருக்கு. 2007-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வில், உறிஞ்சப்பட்ட வளர்ந்த பூச்சிகளில் 96 சதவீதமும், புழுவும் கூட்டுப்புழுவும் முழுவதும் செத்திருந்தன. அதன் அதிர்வு கூட்டுக்குள் காத்திருக்கும் பூச்சிகளை வெளியே வரவும் தூண்டும். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நடுத்தரையைவிடச் சோபா மெத்தைக்கு அடி, கட்டிலுக்குக் கீழ், சுவரோரம், கார் இருக்கை ஆகியவை முக்கியம். குப்பையை அப்போதே பையில் கட்டி வெளியேற்றுங்கள். மொசைக், டைல்ஸ் தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். சிமெண்ட் வெடிப்பை அடைப்பது நல்லது. படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். பழைய சாக்கைத் தூக்கி எறிந்துவிடலாம்.

தொல்லை அதிகமென்றால் பைரிப்ராக்ஸிஃபென் அல்லது மெத்தோப்ரீன் கலந்த தெளிப்பான் உதவும். இவை பூச்சியின் இளமை ஹார்மோனைப் போல நடித்து, முட்டை பொரிவதையும் புழு கூட்டுப்புழுவாவதையும் தடுக்கின்றன. மெத்தோப்ரீன் வெயிலில் சிதைந்துவிடும், உள்ளறைகளுக்கு மட்டும் போதும். மேசை, கட்டிலுக்கு அடியில் கைத்தெளிப்பானால் அடியுங்கள். அறைக்குள் மருந்தைப் பரப்பும் புகைகுண்டு அங்கெல்லாம் போய்ச் சேராது. மீன்தொட்டியை மூடி, காற்றுக் குழாயை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தரை காயும்வரை குழந்தையும் விலங்கும் உள்ளே வரக்கூடாது. தோட்டத்தில் வெயில் படும் மண்ணை விட்டுவிடலாம். திண்ணைக்கு அடி, விறகுக் குவியல், தெருப்பூனை படுக்கும் நிழலான மணல் ஆகியவற்றைச் சுத்தப்படுத்துங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரெனப் பூச்சி கூடியதுபோல் தோன்றும். மருந்து தொடங்கும் முன்பே கட்டிய கூடுகள் திறக்கும் நேரம் அது. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து மருந்தை மாற்றுகிறார்கள். மாற்றாமல், மாதத் தவணை தப்பாமல், குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். மாலையில் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து மேலே சிறு விளக்கு எரியவிட்டால், விழும் பூச்சிகளின் எண்ணிக்கை வாராவாரம் குறைகிறதா என்று தெரியும். அது அளவுகோல்தான், அதனால் பூச்சி ஒழியாது.

நாயின் ஆசனவாயருகே வெள்ளரி விதை போன்ற துண்டுகள் நெளிந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால்தான் அது வருகிறது; சிறு குழந்தைகளுக்கும் இதே வழியில் வரலாம். பிராசிகுவாண்டல் மாத்திரை புழுவைக் கொல்லும், ஆனால் வீட்டில் தெள்ளு இருக்கும்வரை அடுத்த மாதமே திரும்பிவிடும். எனவே தெள்ளு மருந்தையும் புழு மருந்தையும் ஒரே சமயத்தில் தொடங்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.